வெளிநாட்டு மேடைக்கு ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுக்க: தக்கலைப் பாட்டு டீச்சர் சொல்லும் வழிகள்

என்னைத் தேடி வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "டீச்சர், இதுல யாரு நல்லா பாடுகா?" அதைக் கேட்டு ஒரு பிரயோஜனமும் இல்லை. குமரி மாவட்டத்தில் நன்றாகப் பாடுகிற பிள்ளைகளுக்குப் பஞ்சமே கிடையாது. மார்த்தாண்டம் பக்கம் எந்த சபையின் பாடகர் குழுவை எடுத்தாலும், நாஞ்சில் நாட்டில் எந்தக் கோயில் திருவிழாவுக்குப் போனாலும் மூன்று பேராவது தேறுவார்கள். கேட்க வேண்டியது வேறு. இன்று இங்கே பாடிய பிள்ளை, நாலைந்து மாதம் கழித்து, முன்பின் தெரியாத ஊரில், குளிரில், தூக்கம் கெட்ட உடம்போடு, இதே பாட்டை இதே போலப் பாடுமா? தேர்வு நடத்தும் முறை முழுக்க இந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடுவதாக இருக்க வேண்டும்.

நான் பள்ளியில் பாட்டு டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவள். திருவனந்தபுரம் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியில் படித்தேன். நடுவராக உட்கார எல்லா மதத்துக்காரரும் கூப்பிடுவார்கள். முன்பெல்லாம் மாவட்ட அளவு, மாநில அளவு என்று வரும். இப்போது வெளிநாட்டுப் போட்டி என்று வருகிறார்கள். நம் ஊர் நர்சுகள் அயர்லாந்து, மால்டா என்று போய்க் குடும்பமாகத் தங்கிவிட்டார்கள் அல்லவா? அவர்கள் பிள்ளைகள் அங்கே பாட்டுப் போட்டிக்கான தேர்வுக்குப் போகிறார்கள், வீடியோ அழைப்பில் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். என் சித்தி மகள் ஒருத்தியும் அதில் சேர்த்தி.

அதனால்தான் ஜூனியர் யூரோவிஷன் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டி வந்தது. ஐரோப்பா பக்கத்து நாடுகள் ஆளுக்கொரு பாட்டோடு பிள்ளைகளை அனுப்பிப் போட்டி போடும் டிவி நிகழ்ச்சி அது. இந்தியா அதில் இல்லை. இருந்தாலும், ஒரு நாட்டுக்காக ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்து அனுப்பும் வேலையை 2003இல் கோபன்ஹேகனில் தொடங்கி வருடா வருடம் செய்துவருகிறவர்கள் அவர்கள். நீங்கள் எந்தப் போட்டிக்கு ஆள் அனுப்பினாலும் அவர்கள் விதிகளைப் படித்துப் பார்ப்பது நல்லது.

முதலில் விதித்தாள்

பாட்டு கேட்பதற்கு முன்னால் விதித்தாளை வாசியுங்கள். சிரிக்காதீர்கள். தேர்வெல்லாம் முடித்து, மாலை போட்டு, போட்டோ எடுத்த பிறகு வயது தாண்டிவிட்டது என்று கண்டுபிடித்த கமிட்டிகளை எனக்குத் தெரியும்.

ஜூனியர் யூரோவிஷனில் இப்போது 9 முதல் 14 வயது வரை. போட்டி நடக்கும் நாளில் அந்த வயது இருக்க வேண்டும், தேர்வு நாளில் அல்ல. பாட்டு இரண்டரை நிமிடத்துக்குக் குறையாமலும் மூன்று நிமிடத்தைத் தாண்டாமலும் இருக்க வேண்டும். வரிகளில் குறைந்தது 60 சதவீதம் அந்த நாட்டு மொழியில் இருக்க வேண்டும். முதன்மைக் குரல் மேடையில் நேரடியாகப் பாட வேண்டும், வாத்திய இசை பதிவிலிருந்து ஓடும். பாட்டு புதியதாக இருக்க வேண்டும். இந்த ஒவ்வொன்றும் நீங்கள் தேடும் பிள்ளை எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறது. மூன்று நிமிடம் என்றால், மெதுவாகச் சூடேறி மூன்றாவது சரணத்தில் சபையைக் கட்டிப்போடும் பிள்ளை இங்கே ஆகாது. முதல் வரியிலேயே பிடிக்கிறவள்தான் வேண்டும். மொழி 60 சதவீதம் என்றால் உச்சரிப்பு பார்க்க வேண்டும். அயர்லாந்து 2015இல் முதன்முதலாகக் கலந்துகொண்டபோது, அந்த நாட்டின் ஐரிஷ் மொழித் தொலைக்காட்சிதான் பிள்ளையை அனுப்பியது. பாட்டும் ஐரிஷ் மொழியில்தான். வீட்டில் ஆங்கிலமே பேசும் பிள்ளைகளும் அதற்காக உட்கார்ந்து படிக்க வேண்டியதுதான். தமிழ் என்றால் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ழகரம் சிக்கலே இல்லை, மலையாளக் காற்று அடிக்கிற ஊர். ஆனால் வேகப் பாட்டில் றகரமும் ரகரமும் ஒன்றாகிவிடுகின்றன. அதைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

அப்புறம் போட்டி உண்மையானதா என்று பாருங்கள். இணையத்தில் "சர்வதேச" என்று பெயர் வைத்து நடக்கும் போட்டிகளில் பாதி, கட்டணம் கட்டினால் எல்லோருக்கும் தங்கப் பரிசு என்று மின்னஞ்சலில் சான்றிதழ் அனுப்புகிறவை. நடுவர்கள் பெயர் வெளியிட்டிருக்கிறார்களா, ஆள் உட்கார்ந்து பார்க்கும் மேடை உண்டா, பயணச் செலவு யாருடையது, பிள்ளை பாடிய பதிவு பிறகு யாருக்குச் சொந்தம் என்ற நான்குக்கும் எழுத்தில் பதில் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். அந்தப் பணத்துக்கு நல்ல கீபோர்டு வாங்கலாம்.

மொபைலில் வரும் பாட்டு

முதல் சுற்றை வீடியோவில் நடத்துவதில் தப்பில்லை. அருமனையிலிருந்தும் குளச்சலிலிருந்தும் எல்லோரையும் ஒரே நாளில் நாகர்கோவிலுக்கு இழுக்க முடியாது. ஆனால் கரோக்கி ஆப்பில் பாடி அனுப்புவதை ஏற்காதீர்கள். அதிலிருக்கும் எக்கோ எல்லாக் குரலையும் அழகாக்கிவிடும், சில ஆப் சுருதியையே திருத்திவிடும். நான் இப்படிக் கேட்பேன்: பின்னணி இசை கூடாது. போனை நாலடி தள்ளி அசையாமல் வைக்க வேண்டும். பிள்ளை தன் பெயரையும் அன்றைய தேதியையும் சொல்லிவிட்டு நிறுத்தாமல் ஒரு பாட்டைப் பாட வேண்டும், வெட்டு ஒட்டு கூடாது. பக்கத்து வீட்டு நாய் குரைத்தால் குரைக்கட்டும்.

பாட்டையும் நீங்களே குறிக்காதீர்கள், பிள்ளையின் விருப்பத்துக்கு விடுங்கள். பத்து வயசுப் பிள்ளை காதல் தோல்விப் பாட்டைக் கண் கலங்கப் பாடி அனுப்பினால், அது யார் ரசனை என்று உங்களுக்குப் புரிந்துவிடும். டிவி பார்த்துப் பழகிய கை அசைவுகளும் அப்படித்தான். எல்லாப் பிள்ளையும் ஒரே இடத்தில் கண்ணை மூடி ஒரே மாதிரி கையைத் தூக்குகிறது. அதற்காகக் கழிக்க வேண்டாம். சொன்னால் விடுகிறதா என்று நேரில் பார்த்துக்கொள்ளலாம்.

நேரில் கேட்கும் நாள்

முழுநாள் ஒதுக்குங்கள். காலை பாட்டு கேட்டுவிட்டு மத்தியானம் முடிவு சொல்லும் தேர்வு எனக்குப் பிடிக்காது. ஒரே ஒரு முறை நன்றாகப் பாடுவதைப் பயிற்சி செய்து யார் வேண்டுமானாலும் கொண்டுவரலாம்.

காலையில் தெரிந்த பாட்டைப் பாடட்டும். அவரவர் வழக்கமாகப் பாடும் சுருதியில் தொடங்கட்டும். பெண்பிள்ளைகளும் குரல் மாறாத பையன்களும் பெரும்பாலும் ஐந்து, ஐந்தரை கட்டையில் நிற்பார்கள் (கட்டை என்பது சுருதியின் உயரத்துக்கு நாங்கள் சொல்லும் அளவு). பாடி முடித்ததும் அரைக்கட்டை ஏற்றியும், பிறகு ஒரு கட்டை இறக்கியும் அதே பல்லவியைக் கேளுங்கள். ஏற்றும்போது திணறும் பிள்ளைகளை எல்லோரும் கவனிப்பார்கள். இறக்கும்போது குரல் தொலைந்துபோகும் பிள்ளைகளை யாரும் கவனிப்பதில்லை. பாட்டின் முதல் வரிகள் பெரும்பாலும் கீழ் ஸ்வரங்களில்தான் இருக்கும், அங்கே குரல் கேட்கவில்லை என்றால் மைக் வைத்தாலும் காற்றுதான் வரும்.

சுருதி விஷயத்தில் எனக்கு ஒரு சோதனை தானாகவே கிடைத்தது. மார்த்தாண்டம் பக்கம் தகரக் கூரை போட்ட ஒரு மண்டபம், நல்ல மழைக்காலம். கூரையில் மழை விழுகிற சத்தத்தில் நாங்களே ஒருவருக்கொருவர் கத்திப் பேசிக்கொண்டிருந்தோம். ஒரு பிள்ளை, ஏழாம் வகுப்பு, இரண்டு சடை, பாடத் தொடங்கியதும் கரண்ட் போய்விட்டது. மைக் போச்சு, சுருதிப்பெட்டி போச்சு. நிறுத்தச் சொல்லலாமா என்று பக்கத்து நடுவர் என்னைப் பார்த்தார். அதற்குள் அவள் இரண்டடி முன்னால் வந்து நின்றுகொண்டு தொடர்ந்தாள். சத்தத்தைக் கூட்டவில்லை, வார்த்தைகளைத்தான் இன்னும் அழுத்திச் சொன்னாள். வலது கை பெருவிரல் மட்டும் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. சரணம் பாதியில் கரண்ட் வந்தது, சுருதிப்பெட்டி தானாகவே ஓடத் தொடங்கியது. அவள் பாடிய சுருதியும் பெட்டியின் சுருதியும் ஒன்று. இம்மி விலகல் இல்லை. அதற்கு முன்னால் பாடிய பையனின் குரல் அவளைவிட நல்ல கனம், எனக்கு அவன்மேல்தான் கண். அவனையும் மறுபடி கூப்பிட்டுப் பெட்டியை நடுவில் நிறுத்திப் பார்த்தோம். நாலு வரிக்குள் அவன் சுருதி கால் கட்டை ஏறிவிட்டது. படபடப்பு வந்தால் சுருதி ஏறும், களைத்தால் இறங்கும்.

இப்போது கரண்டுக்குக் காத்திருப்பதில்லை. எல்லாப் பிள்ளைக்கும் நானே நடுவில் பெட்டியை அணைத்து, ஒரு சரணம் போனபின் போடுவேன். எந்த ஊர் மேடையிலும் காதில் மாட்டும் கருவி சரியாகக் கேட்காமல் போகலாம். அப்போது உள்ளே ஒரு சுருதி ஓடிக்கொண்டிருக்கிற பிள்ளை தப்பித்துவிடும்.

சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு புது மெட்டு சொல்லிக்கொடுங்கள். நாலு வரி போதும். பிள்ளைக்குத் தெரியாத மொழியில் இருந்தால் இன்னும் நல்லது. அரைமணி நேரம் ஒன்றாக உட்கார்த்தி எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அதைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் சாப்பிட அனுப்புங்கள். மத்தியானம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டால் நினைவில் எவ்வளவு நின்றது என்று தெரியும். போட்டிக்குப் போகிற பிள்ளை புதிய பாட்டைப் படித்து, அதில் கடைசி நேரத்தில் வரும் மாற்றங்களையும் ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். பழைய பாட்டை ஒரு வருடம் மெருகேற்றி வந்த பிள்ளை இந்த இடத்தில் வழுக்குவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

சாப்பாட்டு நேரத்தையும் வீணாக்காதீர்கள். மேசையில் மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) மீன்கறியும் இருக்கிறது, பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? ஒருவரோடு ஒருவர் பேசுகிறார்களா, போட்டிக்காரியின் பாட்டைப் பற்றி என்ன சொல்கிறார்கள்? வெளியூரில் ஒரு வாரம் பல நாட்டுப் பிள்ளைகளோடு தங்க வேண்டும். அதற்கும் ஒரு சுபாவம் வேண்டும்.

மத்தியானச் சுற்றில் ஒரே பாட்டை இரண்டு முறை கேளுங்கள். முதல் முறை முடிந்ததும் ஒரே ஒரு திருத்தம் சொல்லுங்கள்: "மக்களே, ரெண்டாவது வரியில சிரிக்காம பாடு", "கையை அசைக்காம நில்லு", "அந்தக் கடைசி வார்த்தையை நீட்டாத". சொன்னதை உடனே செய்து காட்டினால் நல்லது. செய்ய முயன்று பாட்டே கொஞ்சம் கெட்டால் அதுவும் நல்லதுதான், கற்றுக்கொள்கிற பிள்ளை என்று அர்த்தம். சரி சரி என்று தலையாட்டிவிட்டு முதலில் பாடியதையே அச்சு மாறாமல் பாடுகிற பிள்ளைக்குப் பின்னால் வீட்டில் கண்டிப்பான பயிற்சி இருக்கிறது. பாட்டு சுத்தமாக இருக்கும், ஆனால் அங்கிருந்து ஓரடி நகராது.

மகரக்கட்டு

பையன்களை அனுப்புவதானால் இதைத் தனியாகப் பேச வேண்டும். பெரும்பாலும் 12 முதல் 14 வயதுக்குள் மகரக்கட்டு, அதாவது பிள்ளைக் குரல், உடையும். குரல் ஒரு ஸ்தாயி அளவுக்கு (ஒரு ஸ முதல் அடுத்த ஸ வரை) கீழே இறங்கும், சிலருக்கு மாதக்கணக்கில் மெதுவாக, சிலருக்கு ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் நடுவிலேயே. தேர்வுக்கும் போட்டிக்கும் இடையில் அது நடந்தால் நீங்கள் தேர்ந்தெடுத்த குரலே இருக்காது.

முன்கூட்டியே தெரிந்துகொள்ள அடையாளம் உண்டு. பேச்சுக்குரல் கரகரக்கிறதா? மேல் ஸட்ஜத்தில், அதாவது மேல் ஸ-வில், "ஆ" என்று பிடிக்கச் சொன்னால் உடைகிறதா, போன மாதம் எளிதாகத் தொட்டதை இப்போது எக்கித் தொடுகிறானா? பாட்டைவிட்டு, அம்மையிடம் கேளுங்கள்: ஜூனில் தைத்த யூனிஃபார்ம் பேன்ட் குட்டையாகிவிட்டதா? திடீரென்று உயரும் பையனுக்குக் குரலும் பின்னாலேயே வரும். இதற்காகப் பையன்களை ஒதுக்க வேண்டாம். முதல் ஜூனியர் யூரோவிஷனை வென்றதே குரோவேஷியாவின் தினோ யெலுசிச், 11 வயதுப் பையன். 2022இல் பிரான்சுக்கு வென்ற லிசாந்த்ரோவுக்கு 13. பன்னிரண்டு தாண்டிய பையன் என்றால் பாட்டின் இசைத்தடத்தை மூன்று சுருதியில் எடுத்து வையுங்கள், அவ்வளவுதான். பதிவை அனுப்பிவிட்டால் பிறகு மாற்ற விடமாட்டார்கள் என்பதால், அனுப்பும் கடைசி நாள் வரை பொறுத்திருந்து எதை அனுப்புவது என்று முடிவு செய்யுங்கள். சந்தேகமாக இருந்தால் கீழ்ச் சுருதி.

பெண்பிள்ளைகளுக்கும் குரல் மாறும். அவ்வளவு இறங்காது, ஆனால் காற்று கலந்து ஒலிக்கும். அதைச் சோம்பல் என்று நினைத்துக் கத்திப் பாடச் சொல்லும் டீச்சர்மார் உண்டு. தயவுசெய்து வேண்டாம்.

எந்தப் பிள்ளையானாலும் சரி, அது தொடக்கூடிய உச்ச ஸ்வரத்துக்கு ஒன்று கீழேயே பாட்டின் உச்சம் நிற்கட்டும். மேடையில் பயம் அந்த ஒன்றைத் தின்றுவிடும்.

பிள்ளையிடம் தனியாகப் பேசுங்கள்

பெற்றோரை வெளியே அனுப்பிவிட்டு, கதவைத் திறந்தே வைத்து, இன்னொரு டீச்சரையும் கூட வைத்துக்கொண்டு பேசுங்கள். நான் பாட்டைப் பற்றிக் கேட்பதில்லை. "போட்டிக்குப் போணும்னா டிசம்பர்ல அரைப்பரீட்சை எழுத முடியாம போவலாம், கூட்டுக்காரிகள் கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸ் போகும்போ நீ வீட்டுல இருக்கணும், பரவாயில்லையா?" என்று கேட்பேன். கண் மின்னுகிறதா, கதவைப் பார்க்கிறதா என்பதில் பாதிப் பதில் வந்துவிடும். ஒரு பெண்பிள்ளை சொன்னாள்: "எனக்கு அவ்வளவு ஆசை இல்ல டீச்சர். அம்மைக்குத்தான்." நல்ல குரல், அன்றைய மதிப்பெண்ணில் அவள்தான் முதல். அவளை எடுக்கவில்லை. காரணத்தை வெளியே சொல்லவும் இல்லை. இந்த முறை இன்னொரு பிள்ளை என்று மட்டும் வீட்டாரிடம் சொன்னோம். பிள்ளை சொன்னதை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற கமிட்டி உறுப்பினர் இருந்தால் அடுத்த முறை அவரைக் கூப்பிடாதீர்கள்.

பெற்றோரையும் பாருங்கள். பிள்ளை பாடும்போது கூடவே வாயசைக்கும் அம்மாவைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை, அது பாசம். பாடி முடித்த நிமிடமே தப்பை எடுத்துச் சொல்லும் அப்பாவைப் பற்றிக் கவலைப்படுங்கள். மேடையில் பிள்ளையின் கண் நடுவர்களைத் தேடாது, அவரைத்தான் தேடும்.

யார் தீர்மானிப்பது

நடுவர்கள் மூவர் போதும், ஒருவராவது வெளியூர்க்காரராக இருக்கட்டும். திருவனந்தபுரமோ திருநெல்வேலியோ, பக்கத்தில்தான். யாருடைய மருமகளோ, சபையாரோ, டியூஷன் பிள்ளையோ பாட வந்தால் அந்த நடுவர் எழுந்து போக வேண்டும். சின்ன மாவட்டம், எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு முறையில் சொந்தம். ஆகவே இதை முன்கூட்டியே எழுத்தில் போட்டுவிட்டால் பிறகு முகம் கோணாது. சிபாரிசுக் கடிதம் வந்தால் வாங்கி, பிரிக்காமல் கோப்பில் வைத்துவிடுங்கள்.

ஜூனியர் யூரோவிஷனில் புள்ளிகளில் பாதி நடுவர் குழுக்கள் தருவது, பாதி இணையத்தில் மக்கள் போடும் வாக்கு. நடுவர் குழுவிலேயே பிள்ளைகளும் உண்டு. எனக்கு அது பிடித்த விஷயம். நான் வேறு பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு மூன்று பிள்ளைகளை வரவழைத்துப் பின்வரிசையில் உட்கார வைப்பேன். மதிப்பெண் கேட்க மாட்டேன். "யாரு பாட்டை இன்னொருக்கா கேக்கணும்?" என்று மட்டும் கேட்பேன். எங்கள் மூவருக்கும் தாளம், ஸ்வரம் என்று ஆயிரம் கணக்கு இருக்கும், அவர்களுக்கு அதெல்லாம் இல்லை.

மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எல்லாவற்றிலும் ஏழு வாங்கிய பிள்ளை, ஒன்றில் பத்தும் இன்னொன்றில் மூன்றும் வாங்கிய பிள்ளையைக் கூட்டலில் தாண்டிவிடும். பதில் தேட வேண்டிய கேள்வி அதுவல்லவே. ஒவ்வொரு நடுவரும் ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் ஒரு வாக்கியம் எழுதட்டும், அதை வைத்துப் பேசுங்கள். டிவியில் தேர்வு நடத்தி அனுப்புவது ஒரு முறை. போலந்து அப்படித்தான் ஆள் எடுத்து 2019இல் வென்றது. பிரான்ஸ் அறைக்குள் உட்கார்ந்து பேசி ஆளை முடிவு செய்து, 2020, 2022, 2023 என்று வென்றது. ஆக, எந்த முறையும் தாழ்ந்ததில்லை. ஆனால் நம் ஊர்க் கமிட்டியிடம் டிவி நிலையமும் இல்லை, பிள்ளைகளைக் கூட்டத்துக்கு முன்னால் தோற்கடித்துக் காட்டும் தேவையும் இல்லை. அறைக்குள் முடியுங்கள்.

தேர்ந்தெடுத்த பிறகு

நமக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஜூனியர் யூரோவிஷன் பெரும்பாலும் நவம்பர் டிசம்பரில் வருவது போல உங்கள் போட்டியும் அப்போது வந்தால், சளி இருமல் இல்லாத பிள்ளையைப் பார்ப்பதே அபூர்வம். குரல் கம்மினால் பாட்டும் வேண்டாம், பேச்சும் குறையட்டும். கிசுகிசுவென்று பேசுவது தொண்டைக்கு இதம் என்று நினைக்கிறார்கள், அது இன்னும் சிரமம். இரண்டு வாரத்துக்கு மேல் கரகரப்பு நின்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். சுக்குக் காப்பி நல்லதுதான், ஆனால் அதற்கு மேல் போன விஷயம் அது. கோட்டாறு திருவிழாவிலும் கேரல் ரவுண்ட்ஸிலும் பிள்ளையைப் பாட வைக்க ஆளாளுக்கு வருவார்கள். "நம்ம பிள்ளதானே, ஒரு பாட்டு" என்பார்கள். பாடகர் குழுத் தலைவரிடம் அக்டோபரிலேயே பேசிவையுங்கள்.

இரண்டாவதாக வந்த பிள்ளையை மாற்றுப் பாடகியாக வைத்துக்கொள்வது என்றால் பேருக்கு வைக்காதீர்கள். அதே பாட்டு, அதே டீச்சர், அதே நேரம். இருவரையும் ஒன்றாகவே பயிற்சிக்கு உட்கார வையுங்கள். அனுப்பும் செலவுக் கணக்கில் அவள் பயிற்சிச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டும் இருவருக்கும் இப்போதே எடுத்துவிடுங்கள். சிறாருக்கு அது 5 வருடம் அல்லது 18 வயது வரை, எது முந்தியோ அதுவரை செல்லும். அப்பாவும் அம்மாவும் இருவருமே சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும் என்பதால், அப்பா வளைகுடாவில் இருக்கும் வீடுகளில் அந்தக் கையெழுத்துக்கு முதலில் ஏற்பாடு செய்யுங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம் ஓடும்.